பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கும்போது

எசல பெரஹரா இரவுகளில் கண்டித் தெருவோரம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். தலதா மாளிகையின் யானைகள் முன்னே போய்விடும். நாத தேவாலயமும் விஷ்ணு தேவாலயமும் கடந்து போகும். பிறகு காவடிகள் ஆடிவரக் கதிர்காம தேவாலயத்தின் வரிசை வரும். அப்போது பிள்ளை கேட்கும்: "இது எங்கட முருகன்தானே? ஏன் புத்தருடைய ஊர்வலத்தில போறார்?" பெரும்பாலும் இதை ஆங்கிலத்தில்தான் கேட்கும். பதில் சொல்ல வேண்டிய அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ விஷயம் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல நா எழாது. "பிறகு சொல்றன்" என்பார்கள். அந்தப் பிறகு பெரும்பாலும் வராமலே போய்விடுகிறது.

அந்த இடத்தில் தயங்கி நிற்கும் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இந்த அத்தியாயம். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலை இன்று ஒன்றல்ல. அரசாங்கப் பாடசாலையில் தமிழ் மூலம் படிக்கும் பிள்ளைக்குச் சைவநெறிப் பாடம் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம் என்பதால் பதினோராம் தரம் வரை அது கூடவே வரும். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கில மூலம் படிக்கும் பிள்ளைக்கும் சமயப் பாடம் தாய்மொழியில்தான். ஆகவே அந்தப் பிள்ளை யோசிப்பது ஒரு மொழியில், சமயத்தை மனனம் செய்வது இன்னொரு மொழியில் என்றாகிவிடுகிறது. சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளில் சிலருக்குப் பேசவும் வராது.

இவர்கள் எல்லோருக்கும் கேள்விகள் ஒன்றே. முதலில் தமிழைப் படி, பிறகு சமயம் கேள் என்று சொன்னால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுங்கள். பிழையான ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, பிழையான விஷயமாக இருக்கக் கூடாது.

நமக்கு முன்னால் செய்தவர்கள்

சமயத்தை ஆங்கிலத்தில் சொல்வது ஏதோ புது மோகம் என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலை. சேர் முத்துக்குமாரசுவாமி 1863இல் அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தார். 1874இல் கண்டி மாளிகையிலுள்ள தந்ததாதுவின் வரலாறான தாதாவம்சத்தைப் பாளியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு சைவத் தமிழர் செய்த வேலை அது. கண்டிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருடைய சகோதரி மகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம முருக வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, 1924இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. விவேகானந்த சுவாமி 1897 ஜனவரியில் கொழும்பிலிருந்து ரயிலில் கண்டிக்கு வந்தபோது இங்குள்ள இந்துக்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அவர் சுருக்கமாகப் பதிலுரைத்துவிட்டு மாத்தளை வழியாக வடக்கே போனார். அந்தப் பயணத்தில் அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். சின்மயானந்தர் 1951 டிசம்பரில் பூனாவில் உபநிடதத்தை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் றம்பொடையில் நிற்கும் அனுமார் கோவில் அவருடைய சின்மயா மிஷன் கட்டியது.

இவர்களுக்கெல்லாம் மேலாக நாம் பாடம் கேட்க வேண்டியவர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தார். தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன் தகப்பன் இறந்துபோக, இங்கிலாந்தில் ஆங்கிலமே மொழியாக வளர்ந்தார். படித்தது புவிச்சரிதவியல். கனிம ஆய்வுப் பணிக்காக இலங்கைக்கு வந்து, தோரியனைட் என்ற கனிமத்தை இனங்கண்டார். கல்லைத் தேடி ஊர் ஊராகத் திரிந்தவரைக் கண்டிச் சீமையின் கைவினைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அதன் பிறகு 1912இல் 'சித்தாந்த தீபிகை' இதழில் சிவதாண்டவத்தைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதினார். 1918இல் அதே பெயரில் நூலும் வந்தது. இன்று உலகத்தில் நடராசரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் லண்டன் பேரப்பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளைதான் வளர்ந்து இதைச் செய்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்குச் சமயம் ஏறாது என்று யாராவது சொன்னால் இந்த ஒருவரைக் காட்டுங்கள்.

அவர் எப்படிச் சொன்னார் என்பதைக் கவனித்துப் படியுங்கள். கடவுள் என்றால் என்ன என்று அவர் தொடங்கவில்லை. முதலில் உருவத்தைக் காட்டினார்: இத்தனை கை, கையில் இது, காலின் கீழ் இவன். பிறகுதான் சைவ நூல்கள் அதற்குத் தரும் பொருளைச் சொன்னார். 'உண்மை விளக்க'த்திலிருந்தும் 'திருமந்திர'த்திலிருந்தும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே சான்று காட்டினார். நாமும் அதே வரிசையில் போகலாம்.

கண் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நடராசர் படத்தை எடுத்துப் பிள்ளையின் முன் வையுங்கள். வலப்பக்கப் பின் கையில் உடுக்கை, அதன் ஒலியில் உலகம் தோன்றுகிறது. இடப்பக்கப் பின் கையில் நெருப்பு, அது ஒடுக்குகிறது. அஞ்சாதே என்று காட்டும் கை காக்கிறது. ஊன்றிய கால் மறைக்கிறது. தூக்கிய கால் அருள்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் ஒரே உருவத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து வினைச்சொற்கள் போதும்: 'கிரியேட்ஸ், கீப்ஸ், டிசோல்வ்ஸ், ஹைட்ஸ், கிவ்ஸ் கிரேஸ்'. எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரே மாலையில் பிடித்துக்கொள்ளும். காலடியில் கிடக்கும் முயலகனைப் பிள்ளையே கேட்கும். அவன் அறியாமை. அவனைக் கொல்லாமல் அடக்கித்தான் வைத்திருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி உடனே வரும்: ஏன் கொல்லவில்லை? அந்தக் கேள்வி சைவ சித்தாந்தத்தின் நடுக்கூடம். அந்த அறியாமையான ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, வலியிழந்து கிடக்கும் என்பதே சித்தாந்தத்தின் நிலை. பத்து வயதில் இவ்வளவு போதும். மீதி பதினாறில்.

நான்காவது தொழிலான மறைத்தலைப் பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் கடவுள் ஏமாற்றுகிறார் என்று படும் என்ற பயம். விடாதீர்கள். "கடவுள் இருந்தால் ஏன் தெரிவதில்லை?" என்று பதின்மூன்று வயதில் கேட்கப்போகும் பிள்ளைக்கு இதுதான் பதில். உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்படும் வரைக்கும் அவர் மறைந்து நிற்கிறார், அந்த மறைப்பும் அருளின் ஒரு வகையே என்று சித்தாந்தம் சொல்கிறது.

பூசையையும் இப்படியே பார்த்ததிலிருந்து சொல்லுங்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது, திரை விலகுகிறது, குருக்கள் தீபம் காட்டுகிறார். பிள்ளைக்கு இது புரியாத சடங்கு. வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தால் என்ன செய்வோம் என்று கேளுங்கள். வரவேற்போம், இருக்கை தருவோம், கால் கழுவத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், பூ, விளக்கு, உணவு. பூசையின் பதினாறு உபசாரங்களும் இந்த வரிசைதான். இதைச் சொன்ன பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை குருக்களின் கையைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணும். தரிசனத்துக்கு ஒரே வாக்கியம் போதும்: 'வி லுக் அட் காட், அண்ட் காட் லுக்ஸ் அட் அஸ்'. இவ்வளவு எளிமையாகச் சொல்வது குறைத்துச் சொல்வதாகாது. கோவிலில் உண்மையில் நடப்பதே இதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு பொருள் மட்டும். திருநீறு என்றால் திருநீறு. அதிலிருந்து மும்மலம், மும்மலத்திலிருந்து முத்தி என்று ஓடினால் பிள்ளை தொலைபேசியைத் தேடும். சொல்லி முடித்ததும் பிள்ளையைத் தன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே உங்கள் விளக்கம் தடுமாறியிருக்கிறது. ஆறுமுக நாவலர் 'சைவ வினாவிடை'யைக் கேள்வியும் பதிலுமாக எழுதினார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் படித்து, அங்கே ஆசிரியராகவும் இருந்தவர் அவர். பிள்ளைகளின் வாயில் பதில் வர வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அந்த முறையை ஆங்கிலத்தில் நாம் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

சொற்களைத் தெரிந்தெடுக்கும் விதம்

எல்லாச் சொல்லையும் ஆங்கிலமாக்க வேண்டியதில்லை. கர்மா, குரு, மந்திரம், யோகா, அவதாரம் எல்லாம் ஆங்கில அகராதிக்குள்ளேயே போய்விட்டன. பூசை, தரிசனம், பிரசாதம், திருநீறு, அருள், ஆணவம் ஆகியவற்றையும் அப்படியே சொல்லிப் பழக்குங்கள். சொல் தமிழில், விளக்கம் ஆங்கிலத்தில் என்பதே என் முறை. பத்துப் பன்னிரண்டு சொற்களை இப்படி வைத்திருந்தால், நாளைக்கு அந்தப் பிள்ளை தேவாரம் கேட்கும்போது அதில் தெரிந்த சொல் ஒன்றாவது காதில் விழும்.

சில ஆங்கிலச் சொற்கள் ஆபத்தானவை. கண்டியின் பழைய பாடசாலைகளில் பல மிஷனரிமார் தொடங்கியவை. அங்கே பிள்ளை காதில் விழும் 'ஐடல்', 'சின்' போன்ற சொற்களுக்குப் பின்னால் வேறொரு சமயத்தின் முழு வரலாறு இருக்கிறது. 'ஐடல்' என்றாலே விலக்கப்பட்டது என்ற பொருள் அதில் ஒட்டியிருக்கிறது. ஆகவே மூர்த்தி என்றோ 'இமேஜ்' என்றோ சொல்லுங்கள். பாவத்தைச் 'சின்' என்றால், கடவுளுக்கு எதிரான குற்றம், பிறப்பிலேயே வந்த கறை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். தவறான செயல், அதன் பலன் என்று விரித்துச் சொன்னால் குழப்பம் வராது. புராணத்தை 'மித்' என்று சொன்ன அன்றே அது பொய்க்கதையாகிவிடும். 'சேக்ரட் ஸ்டோரி' என்பது நேர்மையான சொல்.

ஆணவத்தை 'ஈகோ' என்று எழுதும் ஆங்கிலப் புத்தகங்கள் பல. அதைப் பின்பற்றாதீர்கள். 'ஈகோ' என்றால் பிள்ளைக்குத் தலைக்கனம்தான் ஞாபகம் வரும். பணிவான மனிதனுக்கு ஆணவம் இல்லை என்று முடிவு கட்டிவிடும். சித்தாந்தத்தில் ஆணவம் உயிரோடு அநாதியாக ஒட்டிக் கிடக்கும் இருள். உயிர் தன்னையும் அறியாமல், இறைவனையும் அறியாமல் கிடப்பதற்குக் காரணம். செம்பில் களிம்பு என்று நம் ஆசாரியர்கள் சொன்ன உவமையை இன்றும் மிஞ்ச ஆளில்லை. சாமி அறையிலுள்ள செம்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கப் பிள்ளையிடம் கொடுங்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து விழுந்த தூசி இல்லை, செம்போடேயே இருந்தது, தேய்த்தால் ஒளி வரும் என்பதைக் கை கற்றுக்கொள்ளும். அப்போது ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னால் போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கர்மாவும்

லண்டனில் வந்த ஆங்கில நூல்கள் இந்து சமயத்தைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டே விளக்குகின்றன. கண்டிப் பிள்ளைக்கு அது பாதிதான் பயன்படும். நம் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருப்பது பௌத்தப் பிள்ளை. இருவருக்கும் கர்மா உண்டு, மறுபிறப்பு உண்டு, மலர் வைத்து விளக்கேற்றும் பழக்கம் உண்டு. அப்படியானால் இரண்டும் ஒன்றா என்ற கேள்வி வரும். ஆம் என்று தலையாட்டி முடிக்காதீர்கள். அது இரண்டு சமயத்துக்கும் செய்யும் அநியாயம்.

இரண்டு வித்தியாசங்களைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். முதலாவது உயிர். சைவத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. பசு என்பது உயிர், அது பிறவிதோறும் தொடர்ந்து வருவது. பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்றை ஒப்புவதில்லை. ஒரு பிறவியின் வினை அடுத்ததுக்குக் காரணமாகிறது, ஆனால் மாறாத ஒருவர் கடந்து போகவில்லை என்பது அவர்களுடைய போதனை. இரண்டாவது கர்மா. பௌத்தத்தில் வினை தன் பலனைத் தானே தரும். சைவ சித்தாந்தத்தில் வினை சடம். அதற்கு அறிவில்லை, யாருடைய பலன் யாருக்கு என்று அது அறியாது. அறிந்து ஊட்டுபவன் சிவன். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் நமக்குப் பிரார்த்தனைக்கும் அருளுக்கும் இடம் வருகிறது. கர்மா எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டால் ஏன் கும்பிட வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

கர்மாவை விதி என்று சுருக்கிவிடும் பழக்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. விழுந்த பிள்ளைக்கும் நோயாளிக்கும் "உன் கர்மா" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எந்த நல்ல ஆங்கில நூலும் அந்தச் சொல்லைச் சரிசெய்து தராது. பிறருடைய துன்பத்தைக் காட்டி அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். நான் இன்று செய்வது நாளைக்கு என்னை உருவாக்கும் என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

பெரஹராக் கேள்விக்குப் பதில்

இனி அந்த முதல் கேள்வி. இதற்கு வரலாற்றோடு பதில் சொல்ல வேண்டும். பெரஹரா முதலில் தேவாலயங்களின் விழா. கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களில் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், சியாமிலிருந்து உபாலி தேரர் 1753இல் வந்து பௌத்த சங்கத்தை மீள அமைத்த பின்னர், தந்ததாது ஊர்வலத்தின் முன்னிடத்துக்கு வந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. இன்றும் மாளிகைக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் வரிசைகள் வருகின்றன. தொடக்கத்தில் தேவாலயங்களில் கப் என்ற மரக்கம்பை நடுவது நம் கோவில் திருவிழாவுக்குக் கால் நடுவதை நினைவூட்டும். முடிவில் கெட்டம்பையில் மகாவலி ஆற்றில் நீர் வெட்டுவது நம் தீர்த்தத் திருவிழாவை நினைவூட்டும். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர் பார்த்த பிள்ளை இந்த ஒற்றுமையைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

பத்தினித் தெய்வம் நம் கண்ணகிதான். சிலப்பதிகாரம் இலங்கைக் கயவாகு மன்னனையும் குறிப்பிடுகிறது. மதுரையில் நீதி கேட்ட பெண் கண்டியில் தெய்வமாக ஊர்வலம் போகிறாள் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கண் விரியும்.

ஆனால் இதைச் சொல்லும் தொனி முக்கியம். நாங்கள்தான் முதல், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குச் சமயம் வராது, கசப்புத்தான் வரும். சிங்கள பௌத்தருக்குக் கதிர்காம தெய்யோ புத்த சாசனத்தைக் காக்கும் தெய்வம், புண்ணியத்தில் பங்கு பெறுபவர். நமக்கு முருகன் சிவத்தின் வடிவம், முத்தி தருபவன். ஒரே வாசலில் இரண்டு பேர் வேறுவேறு நம்பிக்கையோடு கைகூப்புகிறார்கள். பிள்ளை இரண்டையும் தெரிந்து, தன்னுடையதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஹி இஸ் தெயர் கார்டியன் அண்ட் அவர் லார்ட்' என்று சொல்லிப் பழகட்டும். தோழனோடு சண்டைபிடிக்காமல், தன் நிலையையும் விட்டுக்கொடுக்காமல் இருக்க இந்த வாக்கியம் உதவும்.

பெரஹரா இல்லாத மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க மூன்றையும் பார்த்து வாருங்கள். மூன்றும் பேராதனைக்கு அப்பால், ஒரே நாளில் முடியும் தூரம். கடலாதெனிய 1344இல் கட்டப்பட்டது. கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. தென்னிந்தியக் கோவில் கட்டும் முறை கல்லிலேயே தெரியும். லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றியுள்ள தேவர் சன்னிதிகளில் கணபதியும் உண்டு. எம்பெக்க கதிர்காமத் தெய்வத்துக்குரிய தேவாலயம், மரச் செதுக்குக்குப் பெயர் பெற்றது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதை இந்த ஒரு நாள் தரும்.

தோட்டத்துச் சாமிகள்

ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மவர் பலர் ஒரு தவறான தேர்வைச் செய்கிறார்கள். வேதாந்தமும் கீதையும் நடராசரும் மட்டும் மேடைக்கு வரும். முனியாண்டியும் மாடசாமியும் வாசலிலேயே நிற்பார்கள். கண்டியைச் சுற்றியுள்ள தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் மலையகத்தவர். அவர்களுடைய பாட்டன்மார் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதை முனி என்றும், கவ்வாத்து வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச்சாமி என்றும் தெய்வம் வைத்துக் கும்பிட்டார்கள். கை போகக்கூடிய இயந்திரத்துக்கு முன், கத்தி பிடிக்கும் நாளுக்கு முன், தங்களைக் காக்க ஒருவரை அழைத்தார்கள். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் நூறு முறை சொல்வதைவிட இதைச் சொல்வது பிள்ளைக்கு ஆழமாகப் போகும். தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே போகும்.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து இன்னொரு பெரும் பாடப் புத்தகம். காமனை நடுகிறார்கள், சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிகிறான், ரதி அழுது மன்றாடுகிறாள், காமன் மீள்கிறான். ஆசை எரிந்தால் என்ன ஆகும், ஆசையே இல்லாமல் உலகம் நடக்குமா, அழித்தவரே ஏன் திருப்பித் தந்தார் என்று பதினைந்து வயதுப் பிள்ளையோடு ஓர் இரவு முழுக்கப் பேசலாம். அடுத்த மாசியில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். கிடாவெட்டு, கோழிவெட்டு பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். சில கோவில்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது, நம் சமயத்துக்குள்ளேயே அதை மறுத்தவர்கள் பலர் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

வளர்ந்த பிள்ளையின் கேள்விகள்

பதினான்கு வயதுக்கு மேல் கேள்விகள் கூர்மையாகும். முதலில் வருவது சாதி. "எங்கள் சமயத்தில் அப்படி ஒன்றுமில்லை" என்று சொன்னால் பிள்ளை இணையத்தில் ஒரு நிமிடத்தில் உண்மையைக் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு உங்கள் வேறு எந்தச் சொல்லையும் நம்பாது. இந்த நாட்டிலேயே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அதைச் சொல்லுங்கள். எல்லா உயிருக்கும் பதி ஒருவனே என்று சொல்லும் சித்தாந்தத்தின் முன் அந்த வாசலை அடைத்தது பிழை என்றும் சொல்லுங்கள். மாதவிலக்கு நாட்களில் கோவிலுக்குப் போகக்கூடாதா என்று மகள் கேட்டால், வழக்கம் எது, தத்துவம் எது என்று பிரித்துக் காட்டுங்கள். உயிருக்கு ஆண் பெண் இல்லை என்பது தத்துவம். மற்றது ஊர் வழக்கம், அது இடத்துக்கு இடம் வேறு. அவள் என்ன முடிவெடுத்தாலும் சமயத்தைவிட்டு அவளை வெளியே தள்ளாதீர்கள்.

அடுத்தது விஞ்ஞானம். கைத்தொலைபேசியில் வந்து குவியும் செய்திகளை நம்பி, கோவில்கள் காந்த மையங்களில் கட்டப்பட்டவை, மணியோசை மூளையைச் சமப்படுத்தும் என்றெல்லாம் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒரு நாள் ஆதாரம் கேட்கும். அப்போது இல்லாத ஆதாரத்தோடு சேர்ந்து இருக்கும் உண்மையும் போய்விடும். ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் 2004இல் இந்தியா பரிசளித்த நடராசர் சிலை நிற்கிறது. அதன் பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. இதைப் பிள்ளைக்குப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் இயற்பியல் சிவனை நிரூபித்துவிட்டது என்று சொல்லக் கூடாது. அணுவைத் தேடும் மனிதர்களும் அந்த உருவத்தில் ஒரு பெரிய எண்ணத்தைக் கண்டார்கள் என்பதே உண்மை, அதுவே போதும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கிறது. அங்கே கும்பிட வரும் மாணவர்களில் பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு, பூசையையும் விடாமல் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பதின்ம வயதுப் பிள்ளைக்கு உங்களைவிட அவர்களுடைய சொல் எளிதில் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே கூட்டிப் போய், பிள்ளையை அவர்களோடு பேசவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி இருங்கள்.

கண்டிப் பகுதி அறநெறிப் பாடசாலைகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு வகுப்பின் கடைசி அரை மணித்தியாலத்தை ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் நாலைந்து பாடசாலைக்காரர் கூடி அந்தக் கொப்பிகளை ஒன்றாக்கினால், கண்டிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சைவ வினாவிடை ஒன்று கையில் இருக்கும். இதற்கு வெளியூர் அறிஞர் யாரும் வர வேண்டியதில்லை. வரும் ஞாயிறே தொடங்கலாம்.